மண்ணை மேலேயே நிறுத்தியவர்களுக்கு நன்றி

நுவரெலியாப் பக்கத்து நானுஓயா ஆற்றின் மேல் நீரேந்துப் பகுதியில், மரக்கறித் தோட்டங்களிலும் தேயிலை மலைகளிலும் எங்களோடு நின்ற அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் எல்லோருக்கும் வணக்கம்.

வாவியில் பாசி படர்ந்தால் "வாவியைத் தூர்வாருங்கள்" என்பதுதான் எப்போதும் முதற்பேச்சு. நீங்கள் அந்தப் பேச்சோடு நிற்காமல், பாசியை வளர்க்கும் பொசுபரசு மண்ணோடு வாவிக்கு இறங்குவதை மேலேயே நிறுத்த மலைக்கு ஏறினீர்கள். அதற்குத்தான் இந்த மடல்.

ரீ.எஸ்.பி. என்ற பொசுபரசுப் பசளையின் 50 கிலோ மூட்டை ஒன்றில் தனிப் பொசுபரசு மட்டும் ஏறக்குறைய 10 கிலோ இருக்கிறது. வாவி நீரில் கனமீற்றருக்கு 30 மில்லிகிராம் பொசுபரசு இருந்தாலே பாசிக்குத் தாராளம். அந்த ஒரு மூட்டை முழுதும் கரைந்து இறங்கினால் மூன்று இலட்சம் கனமீற்றருக்கு மேற்பட்ட நீரை அந்த அளவுக்குக் கொண்டுபோய்விடும். இங்கே இறங்குவது இங்கேயே நிற்பதும் இல்லை. நானுஓயா கொத்மலை ஓயாவோடு சேர்கிறது, அது மகாவலியோடு சேர்கிறது. 1991இல் கொத்மலை நீர்த்தேக்கத்தில் மைக்ரோசிஸ்டிஸ் என்ற நச்சுப்பாசி பெருகியதை மறந்தவர்களுக்கு இதை நினைவூட்டுகிறோம்.

முதல் நன்றி, சரிவுக்குக் குறுக்கே கான், அதாவது வடிகால், வெட்டிய அண்ணன்மாருக்கு. நமது சிவப்பு மஞ்சள் மண்ணில் இரும்பும் அலுமினியமும் மிகுதி. பொசுபரசைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். ஆகவே அது பெரும்பாலும் தண்ணீரில் கரைந்து போவதில்லை, மண்ணோடு மண்ணாகப் போகிறது. 120 அடிக்கு 1 அடி சரிவு என்று நாங்கள் சொன்னதும் ஏ வடிவச் சட்டம் கட்டி, நடுவில் நூலில் கல்லைத் தொங்கவிட்டு, சரிபார்த்து முடித்துவிட்டீர்கள். கால்களுக்கு இடையே 6 அடி இருந்தால், கீழ்ப்பக்கக் காலுக்கு அடியில் 15 மில்லிமீற்றர் கட்டை வைத்து நூல் நடுக்கோட்டில் நிற்கும் இடமே அடுத்த முளை. சட்டத்தைத் திருப்பி வைத்துப் பார்க்காமல் நடுக்கோடு குறித்தால் முழுக் கானும் பிழைத்துவிடும். அதை ஒருவரும் விடவில்லை.

கானுக்குள் விட்ட மண் தடுப்புகளின் தலை, கானின் கரையைவிடத் தாழ்வாகவே இருக்கிறது. இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். தடுப்பு உயர்ந்துவிட்டால் பெருமழையில் தண்ணீர் கானோடு வழியாது, கரையை உடைத்துக்கொண்டு நேரே கீழே பாயும். கான் இல்லாத மலையைவிட அது மோசம். தேங்கிய மண்ணை மேற்கரையில் குவித்துவைத்தால் அடுத்த மழையிலேயே திரும்பிக் கானுக்கு வரும் என்று, கூடையில் அள்ளி மேலே பாத்திக்கே சுமந்து போட்ட அக்காமாருக்கும் இதே நன்றி உரியது.

மரக்கறித் தோட்டக்காரர்களுக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. தடுப்புக் குழியில் மணல் நிறைந்ததைக் கண்டு வேலை முடிந்தது என்று சொல்ல முடியாது. பொசுபரசு அதிகம் ஒட்டியிருப்பது நுண்ணிய களித் துகளில். அசையாத நீரில் 20 மைக்ரோமீற்றர் துகள் ஒரு மீற்றர் அமிழ ஒரு மணி நேரம் அளவாகும். 2 மைக்ரோமீற்றர் களிக்கு மூன்று நாளுக்கு மேல் வேண்டும். எந்தக் குழியும் அவ்வளவு நேரம் தண்ணீரை வைத்திருக்காது. களியைப் பாத்தியிலேயே நிறுத்தினால்தான் உண்டு. சரிவோடு ஓடிய பாத்திகளை நீங்கள் குறுக்காக மாற்றினீர்கள். தண்ணீர் நின்றால் கிழங்கு அழுகும் என்ற உங்கள் பயம் நியாயமானது. அதற்காகவே பாத்தி இடைவெளிக்கு மெல்லிய சாய்வு கொடுத்து, அதன் முடிவில் புல் வரியும் விட்டோம். அந்தப் புல்லை மாட்டுக்கு அறுக்கும்போது அடியோடு அறுக்காமல் ஒரு சாண் விட்டு அறுங்கள்.

கோழிப்பசளை விஷயத்தில் உங்கள் பொறுமைக்குத் தனி நன்றி. பயிருக்கு வேண்டிய நைதரசன் முழுதையும் கோழிப்பசளையிலேயே கொடுக்கப் போனால் பொசுபரசு தேவைக்கு மேல் சேர்ந்துவிடும். அதன் மேல் அடிப்பசளையாக ரீ.எஸ்.பி.யும் போட்டால், மண் பிடிக்கும் எல்லை தாண்டிப் பிறகு கரைந்தும் இறங்கும். அதைக் கானோ புல்லோ தடுக்காது. ஒவ்வொரு தோட்டத்திலும் பத்து இடத்தில் 15 சென்ரிமீற்றர் ஆழம் மண் எடுத்து, கலந்து, நாலாய்ப் பிரித்துக் குறைத்து, அரைக்கிலோ தந்தீர்கள். பசளை போட்ட உடனே எடுத்த மண்ணை வேண்டாம் என்று திருப்பித் தந்தோம், கோபிக்காமல் மீண்டும் எடுத்தீர்கள். பசளைக் குவியலைப் படங்கால் மூடி, மேட்டுப்பக்கம் சிறு கான் வெட்டி மழைநீரைத் திருப்பியதும் நீங்களாகவே செய்தது.

தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் பீலித் தண்ணீரை ஓடைக்கு விடாமல் ஊறுகுழிக்குத் திருப்பிய குடும்பங்களுக்கும் நன்றி.

இனி, மழையில் நனைந்த பிள்ளைகள். வெயில் நாளில் மட்டும் நீர் எடுத்தால் ஓயா சுத்தமாகத்தான் தெரியும். பொசுபரசின் பெரும்பங்கு, மழை தொடங்கி ஓடை செந்நிறமாகும் முதல் மணிகளில் போய்விடுகிறது. இரவில் லாம்புடன் பாலத்தடியில் நின்று, அரை மணிக்கு ஒரு போத்தல் நிரப்பி, நேரத்தையும் நீர்மட்டத்தையும் எழுதினீர்கள். மிதவை ஓடிய வேகத்தை 0.85ஆல் பெருக்கி, ஓடையின் குறுக்குப் பரப்பாலும் பெருக்கினால்தான் ஓட்டம் தெரியும். ஓட்டம் தெரியாத செறிவை வைத்து எவ்வளவு பொசுபரசு போனது என்று சொல்ல முடியாது. பெரியவர் துணையின்றி எவரையும் ஓடைக்கு இறக்காத பெற்றோருக்கு எங்கள் மரியாதை.

ஆய்வுகூடத்தைத் திறந்து தந்த ஆசிரியைக்கு: சவர்க்காரம் போட்டுக் கழுவிய போத்தல்களை எல்லாம் ஒதுக்கி, 10 சதவீத ஐதரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்துப் பின் காய்ச்சி வடித்த நீரில் அலசச் சொன்னது நீங்கள். சவர்க்காரத்தில் பொசுபேற்று இருந்தால் போத்தலே பொய் சொல்லும். பொசுபேற்றுச் சோதனையில் நீல நிறம் வந்த ஒரு மாதிரியில் எண் மும்மடங்காய் இருந்ததற்குப் பொசுபேற்றைப் பொசுபரசாக எழுதியதே காரணம் என்று கண்டுபிடித்ததும் நீங்கள்தான். 3.07ஆல் வகுத்ததும் சரியானது.

ஐப்பசி மழைக்கு முன் கான்களில் தேங்கிய மண்ணை அள்ளவேண்டும். மம்பட்டியும் கூடையும் பழைய இடத்திலேயே இருக்கின்றன. ஏ சட்டத்தின் நூல் இற்றுவிட்டது, புதிது கட்டி வைத்திருக்கிறோம்.

நன்றியுடன்,
மேல் ஓடையில் கானும் நீரும் பார்க்கும் நாங்கள்