பொடக்காளி செவலக்கோழிக்காக தம்பிக்கு ஒரு கடிதம்

தம்பி கண்ணு,

நேத்து நீ போன்ல சொன்னதுலருந்து மனசு அங்கயேதான் கெடக்குது. செவலக்கோழி ரெண்டு மாசமா முட்டை இடல, கன்னிவாடி சந்தைக்கு கொண்டுபோயிரலாம்னு இருக்கறேன்னு சொன்ன, அந்நேரம் பாத்து ஸ்கூல் பஸ் வந்துருச்சு, பேச்சை பாதில விட்டுப்போட்டு ஓடிட்டேன். அதான் எழுதறேன்.

இது மார்கழி. பகல் 11½ மணி நேரந்தான், வெளிச்சம் கொறைஞ்சா கோழி முட்டைய நிறுத்திக்கும். நாமக்கல் பண்ணைல லைட் போட்டு 16 மணி நேரம் வெளிச்சம் காட்டித்தான் முட்டை எடுக்கறாங்க, ஊட்டுக்குப் பின்னால நம்ம பொடக்காளில ஏது லைட்டு? கழுத்துல, வால்ல இறகு உதுந்து புதுசு முள்ளாட்டம் மொளைச்சிருக்குதான்னு பாரு. இறகு உதுக்கற கோழி ரெண்டு மூணு மாசம் முட்டையிடாது, திங்கறதெல்லாம் புது இறகுக்கே போயிரும்.

அப்பறம் பொழுதோட அது அடைஞ்ச பொறவு மெதுவா எடுத்து மடில வெச்சுக்க. முட்டை வர்ற துவாரத்துக்கு ரெண்டு பக்கமும் கூரா ரெண்டு எலும்பு தட்டும். நடுவுல ரெண்டு மூணு வெரல் போச்சுன்னா அது முட்டையிடற நெலைல இருக்குதுன்னு அர்த்தம். ஒரு வெரலே இறுக்கமா இருந்து, கொண்டையும் வெளுத்து சுருங்கியிருந்தா இப்பத்திக்கு இல்ல. இறகு உதுக்கறப்பவும் இப்படித்தான் இருக்கும், அதனால தை கடைசில இன்னொருக்கா பாத்துட்டு முடிவு பண்ணு.

அஞ்சு வயசாச்சு அதுக்கு. பண்ணைன்னா ஒன்றரை வருசத்துலயே கழிச்சு வண்டில ஏத்திருப்பாங்க. வயசாக ஆக முட்டை கொறையத்தான் செய்யும், ஓடும் மெலிசாகும். ஆனா முட்டைய மட்டும் வெச்சு கணக்கு போடறதுதான் எனக்கு மனசுக்கு ஒப்பல.

போன ஆவணில அந்த கருப்பு வெடக்கோழி 11 முட்டைய பாதி அடைல போட்டுட்டு எந்திரிச்சு போயிருச்சே, மறந்துட்டியா? அப்ப செவலையும் அடை கேட்டுட்டு இருந்துச்சு, ராத்திரி இருட்டுல அதைத் தூக்கி அந்த முட்டை மேல வெச்சோம். ஒரு சத்தம் போடல. அலகால முட்டைய ஒவ்வொண்ணா வயித்துக்கடில இழுத்து ஒதுக்கிக்கிட்டு படுத்துச்சு, மிச்சம் 9 நாளும் கஞ்சி குடிக்க எந்திரிக்கறதோட சரி, 8 குஞ்சு பொரிச்சுது. பருந்து நெழல் வாசல்ல விழுந்தா மொதல்ல கத்தறது அதுதான். இன்குபேட்டர் குஞ்சு பொரிக்கும், பொரிச்சதை கூட்டிக்கிட்டு மேயப் போகுமா?

வெட்டறது பாவம்னு நான் சொல்லல கண்ணு, ஒரம்பரை வந்தா கோழியடிக்கற ஊட்லதான் நாமளும் வளந்தோம். தை கடைசில பாத்தும் ஒண்ணுமில்ல, தீனி போட கட்டலைன்னு நெனச்சா ஊட்லயே பண்ணிருங்க. கெழட்டுக்கறி சீக்கிரம் வேகாது, மொளகும் சின்ன வெங்காயமும் தட்டிப்போட்டு நெடுநேரம் வேகவிட்டா அந்த சாறுக்கு ஈடில்ல. ஆனா யாவாரிகிட்ட குடுத்துராத. காலைக் கட்டி வண்டி ஹேண்டில்ல தலகீழா தொங்கவிட்டு அந்த வெயில்ல கொண்டுபோவாங்க, அஞ்சு வருசம் நம்ம கையில தின்ன கோழிய அப்படி பாக்க என்னால ஆகாது.

இல்ல உனக்கு தொந்தரவுன்னா எங்க ஊட்டுக்கு கொண்டாந்து விடு. கோழி அடைக்கற கொடாப்பு ஒண்ணு சும்மாதான் கெடக்குது. நாயித்துக்கெழம நானே வர்றேன், வர்றப்ப ரெண்டு படி கம்பும் கொண்டாறேன், அதுவரைக்கும் யாருக்கும் வெலை சொல்லிராத.

அக்கா