கணையச் சிறுதீவுக் கல மாற்றீட்டுக்கு ஒழுங்குவிதி கோரி மூன்றாவது மனு

மதிப்பிற்குரிய பணிப்பாளர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தொண்டைமானாற்றில் இருந்து எழுதுகிறேன். மாசியிலும் ஆனியிலும் பதிவுத் தபாலில் அனுப்பிய இரண்டு மனுக்களுக்கும் பதில் இல்லை. தயவுசெய்து இதையாவது முழுவதும் வாசியுங்கள்.

1. என் மகளுக்கு வயது 19. ஒன்பது வயதில் இருந்து முதலாம் வகை நீரிழிவு. நாளுக்கு நான்கு இன்சுலின் ஊசி.

2. இரத்தத்தில் சீனி கூடுவதை விட, குறைவதுதான் எங்கள் பயம். முன்பெல்லாம் குறைந்தால் கை நடுங்கும், "அம்மா, தலை சுத்துது" என்பாள். இப்போது அந்த அறிகுறி எதுவும் வருவதில்லை. நித்திரையிலேயே மயங்கிப் போகிறாள். அதனால் அவள் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்து, இரவு 12 மணிக்கும் 3 மணிக்கும் எழும்பி அவளின் பிடரியைத் தடவிப் பார்க்கிறேன். ஈரமாய் இருந்தால் விரலில் குத்திப் பார்க்க வேண்டும். போன கார்த்திகையில் ஓரிரவு மீட்டர் வெறும் 34 mg/dL காட்டியது. பல்லை இறுகக் கடித்தபடி கிடந்தாள். 1990 இலக்கத்துக்கு அழைத்ததும் அம்புலன்ஸ் வந்தது. ஆனால் எங்கள் ஒழுங்கையைத் தாங்கள் அறிவீர்கள், மாரியில் முழங்காலளவு வெள்ளம். பிளாஸ்டிக் கதிரையில் வைத்து வீதிவரை தூக்கிக்கொண்டு போனோம்.

3. இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் கணையச் சிறுதீவுக் கல மாற்றீடு என்ற இந்தச் சிகிச்சை. இறந்தவர் தானம் செய்த கணையத்தில் இருந்து இன்சுலின் சுரக்கும் கலங்களைப் பிரித்து, ஈரலுக்குப் போகும் நாளத்தில் ஏற்றுகிறார்கள். கனடாவின் எட்மன்டனில் ஏழு பேர் இன்சுலின் ஊசியை விட்டதாக 2000 ஆம் ஆண்டே செய்தி வந்தது. எல்லோருக்கும் பொருந்தாது, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைத் தொடர்ந்து எடுக்க வேண்டும், அதெல்லாம் தெரிந்துதான் கேட்கிறேன். கனடாவும் பிரித்தானியாவும் இதை உறுப்பு மாற்றீட்டோடு சேர்த்து நடத்துகின்றன. அமெரிக்கா மருந்தாகக் கணக்கெடுத்து 2023 இல்தான் அனுமதி கொடுத்தது. எங்கள் இலங்கையில் இது மருந்தா, இழையமா? மனித இழைய மாற்றீட்டுக்கான 1987 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டத்துக்குள் வருமா? கேட்டால் ஒரு மேசை மற்ற மேசையைக் காட்டுகிறது. இதற்கு ஒரு பதில் எழுத எத்தனை மாதம் வேண்டும் ஐயா? ஒரு வரி போதுமே!

4. ஒழுங்குவிதி வகுக்கும்படி தங்கள் பரிந்துரையோடு இந்த மனுவைக் கொழும்புக்கு அனுப்புங்கள். அதுவரை, குறைந்தால் சத்தமிட்டு எழுப்பும் சென்சரை என் மகளைப் போன்ற பிள்ளைகளுக்காவது கிளினிக்கில் தாருங்கள். திரும்பவும் கேட்கிறேன், அனுப்புங்கள் ஐயா. மாரி தொடங்குவதற்கு முன் அனுப்புங்கள்.

இங்ஙனம்,
ஒரு தாய்
தொண்டைமானாறு