கூகை கக்கிய உருண்டைக்கு ஒரு நன்றி

பண்ணைக்கார ஐயாவுக்கும் அம்மாவுக்கும், எங்கள் பிள்ளைகள் 'ஆந்தை அக்கா' என்றே பெயர் வைத்துவிட்ட உங்கள் மகளுக்கும் வணக்கம்.

போன வாரம் 32 வாண்டுகளோடு வந்து உங்கள் வைக்கோல் கொட்டகையையே இரண்டாக்கிய ஒன்றாம் வகுப்பு டீச்சர் நான்தான். முதலில் மன்னிப்பு, அப்புறம் நன்றி.

"கண்ணை மட்டும் உருட்டிப் பக்கத்தில் பாருங்க" என்று அக்கா சொன்னதும் எல்லோரும் உருட்டினார்கள். "ஆந்தையால் இது முடியாது" என்றார். அதன் கண் குழல் மாதிரி நீண்டு, மண்டையோட்டில் அசையாமல் பதிந்திருக்கிறதாம். அதனால்தான் கழுத்து 270 பாகை வரை திரும்புகிறது. நமக்குக் கழுத்தெலும்பு 7, அதற்கு 14. நான் பாடமாக நடத்தியிருந்தால் இதற்கு ஒரு வாரம் ஆகியிருக்கும், பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள்.

அடுத்து அந்த உருண்டைகள். எச்சம் என்று நினைத்து முதலில் கையை இழுத்துக்கொண்டவள் நான்தான். இரையை முழுசாக விழுங்கிவிட்டு, செரிக்காத முடியையும் எலும்பையும் கூகை என்கிற இந்த ஆந்தை இப்படி உருட்டி வாய் வழியே கக்கிவிடும் என்று நீங்கள் சொன்ன பிறகுதான் கையுறையை மாட்டினேன். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன், இடுக்கியால் சாம்பல் நிற முடியை இழை இழையாகப் பிரித்து ஒரு தாடையை எடுத்தான். அவன் நகத்தளவுதான். முன்பல் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. "டீச்சர், எலி!" என்று கத்தினான். ஆறு மாதத்தில் அவன் குரலை நான் கேட்டது அன்றைக்குத்தான். அவனை அவசரப்படுத்தாமல் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்திருந்தீர்களே ஐயா, அதை நான் கவனித்தேன்.

எலி மருந்து வைத்தால் அதைத் தின்ற எலியைப் பிடிக்கும் கூகையும் சாகும், அதனால்தான் மருந்தை விட்டுவிட்டு மரப்பெட்டிக் கூடு கட்டித் தொங்கவிட்டோம் என்றீர்கள். பிள்ளைகள் இதை வீட்டில் போய் ஒப்பித்திருக்கிறார்கள். பெற்றோர் சொன்னார்கள்.

சேற்றில் விழுந்தவளுக்குக் கால் கழுவிவிட்ட அம்மாவுக்கும், ஒரு மணி நேரம் முகம் சுளிக்காமல் காத்திருந்த பஸ் டிரைவர் அண்ணனுக்கும், கூட வந்த நான்கு தாய்மாருக்கும் நன்றி.

தாடை இப்போது தீப்பெட்டியில், பஞ்சுக்கு நடுவே, என் மேஜைமேல் இருக்கிறது. உங்கள் மரப்பெட்டிக் கூட்டில் கூகை குஞ்சு பொரித்தால் கட்டாயம் சொல்லியனுப்புங்கள். தினமும் காலையில் 32 பேரும் அதைத்தான் கேட்கிறார்கள்.

அன்புடன்,
ஒன்றாம் வகுப்பு டீச்சர்