கொலுசு கறுத்தால் மாற்றத்தான் வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வெள்ளி விலை ஏற ஆரம்பித்ததிலிருந்து எங்கள் தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டைப் பக்கம் நகைக்கடைகளில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. அறுந்த கொலுசைச் சரிபண்ணக் கொண்டுபோனால், "கறுத்துப் போயிருக்கேம்மா, செம்பு நிறைய கலந்திருக்கு, இதைப் போட்டுட்டு புதுசு எடுத்துக்கோங்க" என்கிறார்கள். என் மாமியாரிடம் ஒரு கடையில் இப்படித்தான் சொல்லி மாற்ற வைத்தார்கள். பழசுக்குக் கழிவு, புதுசுக்குச் செய்கூலி, சேதாரம், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. வேறு. பற்றவைக்க வேண்டியிருந்தது ஒரே ஒரு வளையம்!

சுத்த வெள்ளியும் கறுக்கும் சார். காற்றில் இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு பட்டால் வெள்ளியின் மேல் வெள்ளி சல்பைடு படிகிறது, அந்தக் கறுப்பு அதுதான். பக்கிங்ஹாம் கால்வாய் ஓரத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு போகிறோமே, அந்த அழுகிய முட்டை நாற்றமும் இதே வாயுதான், அப்புறம் இங்கே கொலுசு கறுக்காமல் என்ன செய்யும்? செம்பு கூடுதலாக இருந்தால் சீக்கிரம் கறுக்கும் என்பது சரி, ஆனால் நிறத்தை மட்டும் பார்த்துத் தரம் சொல்ல முடியாது. அதற்குத்தான் ஹால்மார்க் என்ற தர முத்திரை இருக்கிறது. 925 என்றால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. 2025 செப்டம்பர் 1 முதல் ஹால்மார்க் போட்ட வெள்ளி நகைக்கும் தங்கம் மாதிரியே எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்.யு.ஐ.டி., அதாவது ஒவ்வொரு நகைக்கும் தனி அடையாள எண், வந்திருக்கிறது, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் அதைத் தட்டிப் பார்க்கலாம். வெள்ளிக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை என்பதால் கடைக்காரர் தானாகச் சொல்ல மாட்டார், நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

கறுப்பை வீட்டிலேயே எடுக்கலாம். பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, அதைத் தொடுகிற மாதிரி கொலுசை வைத்து, ஆப்ப சோடா போட்டுக் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் சில நிமிடங்களில் வெளுத்துவிடும். கந்தகம் அலுமினியத்துக்குப் போய்விடுகிறது, வெள்ளி தேய்வதில்லை. டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் கீறல் விழும். கல், முத்து, எனாமல் வைத்ததையும், வேண்டுமென்றே கறுப்பேற்றிய ஆக்சிடைஸ்டு நகையையும் சோடாத் தண்ணீரில் போடாதீர்கள், அவற்றுக்குப் பூந்திக்கொட்டைத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். எடுத்து வைக்கும்போது ரப்பர் பேண்டு சுற்ற வேண்டாம், ரப்பரிலும் கந்தகம் இருக்கிறது. காற்றுப் புகாத ஜிப் கவரில் ஒரு சாக்பீஸ் துண்டோடு போட்டு வைக்கலாம்.

ரிப்பேருக்கு யாரிடம் கொடுப்பது என்றால், பளபளப்பான கடையைவிட, கண்ணெதிரே ஊதிப் பற்றவைக்கிற பட்டறைப் பத்தரைத்தான் நான் நம்புவேன். எதை வைத்துப் பற்றவைக்கிறீர்கள் என்று கேளுங்கள். வெள்ளிப் பொடி (வெள்ளி கலந்த பற்றாசு) வைக்கிறேன் என்றால் சரி. ரேடியோ ரிப்பேர் மாதிரி ஈயத்தை உருக்கி ஒட்டினால் அந்த இடம் மங்கலாக, தடிப்பாகத் தெரியும், கொஞ்ச நாளில் விட்டும் போகும். அதைவிடப் பெரிய தொல்லை, அடுத்த தடவை வேறொருவர் அங்கே நெருப்பு காட்டும்போது மிச்சமிருக்கிற ஈயம் வெள்ளியை அரித்துக் குழி விழ வைத்துவிடும். அதனால் நல்ல பத்தர் பழைய ஈயத்தை முழுக்கச் சுரண்டி எடுக்காமல் நெருப்பு வைக்க மாட்டார், கல் இருந்தால் கழற்றிய பிறகுதான் தொடுவார், "இது தேறாது" என்றால் அதையும் முகத்துக்கு நேரே சொல்வார். கொடுக்கும்போதும் வாங்கும்போதும் நம் முன்னால் எடை போட்டு, எடையையும் எத்தனை சலங்கை என்பதையும் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். முகம் சுளிப்பவரிடம் நகையைக் கொடுக்காதீர்கள். சும்மா பாலிஷ் போடுவதற்கும் எடை பார்க்கத்தான் வேண்டும், அமிலத்தில் முக்கி எடுப்பதிலும் பஃப் மெஷினில் தேய்ப்பதிலும் வெள்ளி கொஞ்சம் போகும்.

ரிப்பேருக்கு வாங்கும் நகையின் எடையை எழுதித் தர வேண்டும் என்பதை எங்கள் பகுதி வியாபாரிகள் சங்கங்களே எல்லாக் கடைகளுக்கும் சொல்லலாம். தராசுகளுக்கு முத்திரை வைக்கிற தொழிலாளர் துறை அதிகாரிகள் பெரிய கடைகளோடு நிற்காமல் சந்துகளுக்குள்ளும் வர வேண்டும். ஏமாந்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம், கையில் சீட்டு இருந்தால் புகார் நிற்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தண்டையார்பேட்டை, சென்னை-81