தொட்டிப்பாலமும் அறுபத்துநாலும்

திருவட்டார்,
ஞாயிறு ராத்திரி

மக்கா,

சொகமா இருக்கியா? இங்க மூணு நாளா மழை. ரப்பர் வெட்டு கெடையாது, அப்பா திண்ணையில இருந்து மானத்தப் பாத்துட்டு இருக்காரு. எனக்குக் கோளுதான். ஹாஃப்-லைஃப் 2 கேமுக்கு நான் கட்டுற மாத்தூர் தொட்டிப்பாலம் மேப், அதான் ஆளு நடமாடுற எடம், ஒரு வழிக்கு வந்தாச்சு.

சுவரும் சுவரும் ஒட்டமாட்டேங்குது, கதவு நிலையில உக்காரலன்னு எழுதியிருந்தியே, கிரிட்டை, அதான் சுவரு ஒட்டி உக்காருற கட்டக்கோட்டு இடைவெளிய, 1-ல வச்சிருக்கியா? அங்கதான் கேடு. நானும் அதுலதான் விழுந்தேன். நிஜப் பாலம் 115 அடி உயரம், 28 தூணு. அந்த கேம் ஓடுற சோர்ஸ் இன்ஜின்ல அளவு யூனிட்லதான், அடிக்கு 16 யூனிட்னு போட்டா உயரம் 1840. அது கிரிட் 16-ல உக்காரும், 32-ல உக்காராது. தொட்டி அகலம் ஏழரை அடி, அதாவது 120. அதுக்கு 8 வேணும். மாத்தி மாத்தி மடுத்துப்போயி, 1-ல வச்சு கையாலயே இழுத்து ஒப்பேத்துனேன்.

கேம்ல ஓட வைக்கக் கம்பைல் போட்டா லீக்! மேப்ப சுத்தி முழுசா அடைச்சிருக்கணும், எங்கயோ ஓட்டை. தொட்டி ஒழுகல, மேப் ஒழுகுது. ஓட்டைக்கு வழி காட்டுற பாயின்ட்ஃபைல லோட் பண்ணுனா சிவப்புக் கோடு தூணுக்கடியில கிளம்பி, ஆத்தத் தாண்டி, மேற்கு மூலையில வானமாத் தெரிய வச்ச சுவரு ரெண்டும் சேருற இடத்துல வெளிய போவுது. ஒரே ஒரு யூனிட் இடைவெளி. முக்கால் இஞ்சுக்கு மூணு ராத்திரி போச்சு, கேட்டியா.

எல்லாத்தையும் அழிச்சுட்டு கிரிட் 64-ல தொடங்குனேன். உயரம் 1792, தொட்டி 128. மூணு அடி குறைஞ்சத எவன் அளக்கப் போறான்? தூணுக்குத் தூணு 640, அஞ்சு 128. ஒரு தூணு கட்டி, ஒரே இடைவெளியில நகல் போடுற பேஸ்ட் ஸ்பெஷல்ல 27 காப்பி, முடிஞ்சு. சுவரு மேல ஒட்டுற படம், அதான் டெக்ஸ்ச்சர், 512 பிக்சல்னா 0.25 ஸ்கேல்ல சரியா 128 யூனிட் மூடும், அதனால சிமென்ட் கோடுகூட தானா சேந்துட்டு.

ஆத்துக்கு இறங்குற படிக்கு மட்டும் கிரிட் 8. ஆளு 18 யூனிட் வரைக்கும் குதிக்காமலே ஏறுவான், அதனால பயமில்ல. கம்பி அழிக்கு 4. அந்த வேலை முடிஞ்ச உடனே வலது சதுர அடைப்புக்குறி கீயத் தட்டித் தட்டி 64-க்குத் திரும்பிரு. நான் மறந்ததெல்லாம் அங்கதான். வாழை, தென்னை எல்லாம் தனியாச் செஞ்சு கொண்டு வைக்கிற மாடல்தானே, அதுக்கு கிரிட் வேண்டாம். கோணலா நிக்கட்டும், அதுதான் அழகு.

உன் கதவுக்கு 48-க்கு 112 போடு. ஹாஃப்-லைஃப் 2 ஆளு 72 உயரம், 32 அகலந்தான், தாராளமாப் போவான். ரெண்டும் 16-ல உக்காரும்.

நேத்து அப்பா ஸ்கிரீன் கிட்ட வந்து விரலால தூண எண்ணுனாரு. 28 வந்த பொறவுதான் கட்டஞ்சாயா கேட்டாரு. "தண்ணி எங்கலே?"ன்னு ஒரு கேள்வி வேற. தண்ணி இன்னும் விடல. அதுக்குள்ள உன் மேப் ஃபைல அனுப்பு, அந்தக் கதவ நான் பாத்துத் தாறேன்.

உன்
பழைய பெஞ்சுக்காரன்