பின்பாட்டும் அவளே: இசைத் திறனாய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மேலைநாட்டு இசைத்தொகுப்புகளைப் பற்றித் தமிழில் எழுதிவரும் திறனாய்வாளர்களுக்கு,

வணக்கம். ஜோயி டெஷனெலும் எம். வார்டும் இணைந்த 'ஷீ அண்ட் ஹிம்' இசை இணை உருவாக்கி, வட கரோலினாவைச் சேர்ந்த மெர்ஜ் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் 2008 மார்ச்சில் வெளியிட்ட 'வால்யூம் ஒன்' என்ற தொகுப்பைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம், உங்களில் பலர் 'நடிகை', 'பழைய பாணி' என்ற இரு சொற்களோடு அதை மூடிவைத்துவிடுகிறீர்கள். முதற்சொல்லில் இது ஒரு நட்சத்திரத்தின் பொழுதுபோக்கு என்ற இளக்காரமும், இரண்டாம் சொல்லில் இது 1960களின் நகல் என்ற தீர்ப்பும் ஒளிந்திருக்கின்றன. அத்தொகுப்பைப் பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் நேயன் என்ற உரிமையில் இரண்டையும் மறுக்கிறேன்.

ஜோயி டெஷனெல் நடிகைதான். 'தி கோ-கெட்டர்' படத்துக்காகப் போர்ட்லண்டு இசைக்கலைஞர் எம். வார்டோடு ஒரு பாடலைச் சேர்ந்து பாட நேர்ந்ததில்தான் இந்தக் கூட்டணியே பிறந்தது. ஆனால் அதற்குப் பின் அவர் வார்டுக்கு அனுப்பிவைத்தவை, தாமே எழுதி, வீட்டில் தனியே பதிவுசெய்து, யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த பாடல்கள். தொகுப்பின் 13 பாடல்களில் 10 அவர் இயற்றியவை. அவற்றுள் ஒன்றை மட்டும் நடிகரும் இசைக்கலைஞருமான ஜேசன் ஷ்வார்ட்ஸ்மனோடு சேர்ந்து எழுதினார். புகழைக் காசாக்க நினைத்தவராயிருந்தால் உறையில் தம் பெயரைப் பெரிதாகப் போட்டிருப்பார். அவரோ 'ஷீ அண்ட் ஹிம்' என்ற இரண்டு பிரதிப்பெயர்களுக்குப் பின்னால் நின்றுகொண்டார். ('அவளும் அவனும்' என்று நாம் மொழிபெயர்க்கையில் ஒரு குறும்பு தொலைந்துபோகிறது: ஆங்கிலத்தில் அவள் எழுவாயாகவும் அவன் செயப்படுபொருளாகவும் நிற்கிறார்கள்.) நடித்து, பாடி, எழுதி, படமும் இயக்கிய பானுமதியை அறிந்த நமக்கு, நடிகை பாடினாலே புருவம் உயர்த்தும் பழக்கம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

'பழைய பாணி' என்ற குற்றச்சாட்டுக்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல வேண்டியிருக்கிறது. 1960களின் அமெரிக்கப் பெண்குழுப் பாடல்களில் நாயகி ஒருத்தி தன் காதல் துயரைச் சொல்ல, தோழியர் இருவரோ மூவரோ பின்னின்று அதை வாங்கிப் பாடுவார்கள். கேள்வி கேட்பார்கள், ஆறுதல் சொல்வார்கள், சில நேரம் எச்சரிக்கவும் செய்வார்கள். 'வால்யூம் ஒன்'னிலும் அந்தப் பின்பாட்டு உண்டு. 'ஐ வாஸ் மேட் ஃபார் யூ' பாடலை நல்ல ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள்: பின்னால் துள்ளிவரும் தோழியரின் குரல்களும் டெஷனெலின் குரலாகவே இருக்கும். தம் குரலையே அடுக்கடுக்காகப் பதிந்து, தமக்குத் தாமே தோழியாகிறார் அவர். கூட்டமாகக் கூடிப் பாடும் வடிவத்தைக் கையிலெடுத்து, அதற்குள் ஆளில்லாமல் செய்துவிட்டார். 'பிளாக் ஹோல்' பாடலில் இருவருக்கான மிதிவண்டியில் தனியாக அமர்ந்திருக்கும் பெண் ஒருத்தி வருகிறாள். அந்த மிதிவண்டியும் இந்தப் பின்பாட்டும் ஒரே பட்டறையில் செய்தவை என்றே எனக்குத் தோன்றுகிறது. நகலெடுப்பவருக்கு இந்த வெற்றிடம் தேவைப்பட்டிருக்காது.

தொகுப்பைத் தயாரித்த வார்டின் பங்கு அடக்கமானது, ஆனால் சிறியதன்று. 'சென்டிமென்டல் ஹார்ட்' பியானோவும் குரலுமாகத் தொடங்கி மெல்ல மெல்ல நிறைவதையும், 'சேஞ்ச் இஸ் ஹார்ட்' பாடலில் ஸ்டீல் கிட்டார் அழுகையின் விளிம்புவரை வந்து நின்றுவிடுவதையும் கவனியுங்கள். 1962இல் ஸ்மோக்கி ராபின்சன் எழுதிய 'யூ ரியலி காட் எ ஹோல்ட் ஆன் மீ' பாடலை இருவரும் அவசரமின்றி, ஏறக்குறைய தூக்கக் கலக்கத்தில் பாடுகிறார்கள். தொகுப்பில் அவர்கள் நேருக்கு நேர் நிற்பதாக நான் உணர்வது இந்த இடத்தில்தான்.

குறைகளே இல்லை என்று வாதிட வரவில்லை. பீட்டில்ஸ் பாடலை மீண்டும் பாடியிருப்பது இனிமையாக இருந்தாலும் தேவையற்றது. அதை எடுத்துவிட்டால் தொகுப்பு எதையும் இழக்காது. டெஷனெலின் குரல் சில இடங்களில் சுருதியின் ஓரத்தில் நடக்கிறது, உணர்ச்சி ஏறவேண்டிய இடத்தில் சமதளமாக நின்றுவிடுவதும் உண்டு. இவற்றை எழுதுங்கள், மனமுவந்து ஏற்பேன். ஆனால் இவற்றை எழுத முதலில் பாடல்களைக் கேட்டாக வேண்டும். 'நடிகையின் ஆசை முயற்சி' என்று எழுத அது தேவையில்லை.

ஆகவே என் வேண்டுகோள் சிறியது. இத்தொகுப்பைப் பற்றி அடுத்த முறை எழுதும்போது, பாடல்களை இயற்றியவர் என்ற அடைமொழியை 'நடிகை' என்பதற்கு முன்னால் இடுங்கள். 'பழைய பாணி' என்று எழுதும் இடத்தில், எந்தப் பழைய பாணி, அதில் எதை அவர்கள் வைத்துக்கொண்டார்கள், எதை விட்டார்கள் என்று இரண்டு வரியாவது சேருங்கள். தொகுப்பு முழுவதையும் கேட்க நாற்பது நிமிடம்கூட ஆகாது.

அன்புடன்,
ஒரு நேயன்