செயலாளர் ஆண்டறிக்கை, 2025–26

அனைவருக்கும் வணக்கம். நம் ஒட்டாவா தமிழ்ச் சங்கப் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் 19 பேருக்கும் நன்றி. வராதவர்கள் பிறகு கேட்பார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதி வைக்கிறேன்.

சித்திரைத் திருநாள் ஏப்ரலில் நடந்தது. ஜூலையில் பூங்காவில் ஒன்றுகூடல், மழை. தீபாவளி கலைநிகழ்ச்சி அக்டோபரில், வழக்கம்போல ஒன்றரை மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு தொடர்கிறது.

இனி பொங்கல்.

முந்தைய வருடம் வீட்டில் பொங்கியதை வீடியோவில் பார்த்த என் அம்மா, "சிம்னிக்குக் கீழ வச்சா சூரியனுக்கு எப்படிடா தெரியும்?" என்று கேட்டார். ஒட்டாவாவில் தை மாதம் சூரியன் எழவே 7:40 ஆகிவிடும். அப்போது ஊரில் மாலை ஆறு தாண்டியிருக்கும், அவர்கள் பொங்கல் ஆறிப்போயிருக்கும். இருந்தாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. மண்டபத்துக்குள் பொங்கி, பால் பொங்குவதற்கு முன்பே ஸ்மோக் அலாரம் அடித்து, குழந்தைகளைக் கோட்டு இல்லாமல் வெளியே ஓட்டிய கதையும் உங்களுக்குத் தெரியும். ஆகவே இந்த முறை வெளியில், திறந்த வெளியில் என்று முன்மொழிந்தேன். செயற்குழுவில் மூன்று பேர் கேட்டரிங் போதும் என்றார்கள். அவர்கள் கருத்தும் பதிவாகியிருக்கிறது.

தை முதல் நாள் வியாழக்கிழமை. யாருக்கும் லீவு இல்லை. சனிக்கிழமை, 17ஆம் தேதிதான் வைக்க முடிந்தது. விறகுக்கு மண்டபத்தார் ஒப்பவில்லை. வண்டி நிறுத்துமிடத்தில் கேஸ் அடுப்பு வைத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். முழுக் கரும்பு இங்கே சரியாகக் கிடைக்காததால் டொராண்டோ வரை, போக 450 கிலோமீட்டர், நானே ஓட்டிப்போனேன். டிக்கியிலிருந்து முன்சீட்டுவரை நீட்டிக்கொண்டு வந்த பத்துக் கரும்பின் தோகை திரும்பி வரும் வழியெல்லாம் என் காதைக் குடைந்தது. பெட்ரோல் செலவை நான் சங்கத்திடம் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதையாவது பதிவு செய்யலாம்.

மண்பானை ஒத்திகையிலேயே விரிசல் விட்டது. பனியில் கிடந்த பானை, திடீர்த் தீ, வேறென்ன ஆகும்? வெண்கலப் பானைக்கு மாறினோம். அன்று காலை மூக்குக்குள் முடி விறைக்கிற குளிர். பானைக் கழுத்தில் கட்டிய மஞ்சள் இலை பத்தே நிமிடத்தில் கறுத்துக் கண்ணாடிபோல நின்றது. புரொப்பேன் சிலிண்டரில் நாங்கள் யாரும் எதிர்பார்க்காத சிக்கல்: குளிரில் உள்ளே அழுத்தம் குறைந்துவிடுகிறது, அடுப்பு இழுக்க இழுக்க சிலிண்டர் இன்னும் குளிர்கிறது. அடியில் வெண்பனி பூத்து, தீ அகல்விளக்கு அளவுக்குச் சுருங்கியது. பாதிப் பேர் "உள்ளே போகலாமே" என்றார்கள், போயும்விட்டார்கள். நிறை சிலிண்டர் ஒன்றை மாற்றி மாட்டி, காற்றுக்கு மறைவாக நான்கு பேர் சுற்றி நின்றோம். ஐம்பது நிமிடம். பால் விளிம்பில் ஏறி நின்று, ஒரு கணம் யோசித்து, வழிந்தது. யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் குனிந்து பார்த்து, "கிழக்குப் பக்கம்தான் தம்பி" என்றார். பிள்ளைகள் "பொங்கலோ பொங்கல்" என்று கத்திய கத்தலில் பனி தள்ளும் வண்டிக்காரர் நிறுத்தி இறங்கி வந்தார். அவருக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தோம்.

வாட்ஸ்அப்பில் உதவிக்கு வருவதாகக் கட்டைவிரல் காட்டியவர்கள் 41. காலை ஏழுக்கு வந்தவர்கள் 9. சாப்பாட்டுக்கு வந்தவர்களை எண்ணவில்லை. 150 வாழை இலையும் தீர்ந்து தட்டுக்குப் போனோம் என்பதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

சந்தா குடும்பத்துக்கு 60 டாலர். 84 குடும்பங்களில் 37 கட்டியிருக்கின்றன. "அடுத்த வாரம் அனுப்புறேன்" என்று அக்டோபரில் சொன்னவர்கள் இங்கேயும் இருக்கிறீர்கள். பெயர் சொல்லப் போவதில்லை. இந்த நாட்டின் நாடாளுமன்றம் 2016இல் சனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றது. அந்தக் கட்டடம் நம் ஊரில்தான் இருக்கிறது. அப்படியிருக்க, மண்டப வாடகைக்கு நாம் பொருளாளரின் கிரெடிட் கார்டை நம்பியிருப்பது நன்றாகவா இருக்கிறது?

கணக்கைப் பொறுத்தவரை, வரவும் செலவும் ஏறத்தாழச் சமம். செலவு சற்றுக் கூடுதல். விவரம் பொருளாளரிடம் உள்ளது. ரசீதுகள் ஒழுங்குபடுத்தப்பட்டு வருகின்றன.

தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், தமிழ் வகுப்பு ஆசிரியர்கள், மண்டபத்தார், ஒலிபெருக்கி தந்தவர்கள் அனைவருக்கும் நன்றி. என் மனைவிக்கும், ஒன்பது பேரில் அவரும் ஒருவர்.

அடுத்த ஆண்டு நான் செயலாளர் பொறுப்பில் தொடர விரும்பவில்லை. புதியவர்கள் வர வேண்டும். வேட்புமனுப் படிவம் வாசல் மேசையில் இருக்கிறது. போன வருடம் வைத்த அதே பத்துப் படிவங்கள்தான். பானை, அடுப்பு, இரண்டு சிலிண்டர் எல்லாம் என் வீட்டுக் கராஜில் பத்திரமாக உள்ளன. யாரும் எடுத்துக்கொள்ள முன்வராவிட்டால் அவை அங்கேயே இருக்கலாம். காற்றைத் தடுக்கத் தகர மறைப்பு ஒன்று மட்டும் வாங்க வேண்டும். விலை விசாரித்து வைத்திருக்கிறேன், நான்கு சந்தா வந்தால் போதும்.